தற்காலிக டயாலிசிஸ் கதீட்டர்

சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவருக்கு உடனே டயாலிசிஸ் தொடங்குவதற்காகப் கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய சிரை ஒன்றில் செருகப்படும் இரட்டைவழிக் குழாய். தடிமன் சுமார் 4 மி.மீ. சிவப்புக் கிளை வழியே இரத்தம் இயந்திரத்துக்குச் செல்லும்; நீலக் கிளை வழியே திரும்பும்.

வரலாறு: நெதர்லாந்தின் காம்பன் நகரில் 1943-ல் வில்லெம் கொல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கியபோது, ஒவ்வொரு முறையும் ஓர் இரத்தக்குழாயைக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. கீறத்தக்க இரத்தக்குழாய்கள் தீர்ந்தால் சிகிச்சையும் நின்றது. 1953-ல் ஸ்வீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர் இரத்தக்குழாய்க்குள் குழாய் செருக எளிய வழி கண்டார்: ஊசியால் குத்தி, அதனூடே கம்பியைச் செலுத்தி, ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் குழாயை ஏற்றுவது. 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் தமனிக்கும் சிரைக்கும் இடையே அமைத்த டெஃப்லான் இணைப்புக்கோ அறுவை மருத்துவர் தேவைப்பட்டார். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஸ்டான்லி ஷால்டன் 1961-ல் செல்டிங்கர் முறையைத் தொடையில் கையாண்டு, இவ்வேலையைச் சிறுநீரக மருத்துவர் கைக்குக் கொண்டுவந்தார். இத்துறையின் உண்மையான திருப்பம் இதுவே. பின்னர் காறையெலும்புக்குக் கீழுள்ள சிரை விரும்பப்பட்டது. அது சுருங்கி, பிற்பாடு அப்பக்கக் கையில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா (தமனி-சிரை இணைப்பு) அமைக்க இடையூறானதால் கைவிடப்பட்டது.

பாதுகாப்பு: குழாய் அறுவை அரங்கிலும், தீவிர சிகிச்சைப் பிரிவிலும், வார்டுக் கட்டிலிலும் போடப்படுகிறது. ஆபத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அறையன்று; சிரையைக் காட்டும் அல்ட்ராசவுண்டும் பழகிய கையுமே. சிரைக்குப் பதில் தமனியைக் குத்துவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது, இரத்தக்கட்டு, கிருமித்தொற்று ஆகியவை முக்கியச் சிக்கல்கள். கம்பி இதயத்தைத் தொட்டால் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகலாம். ஆனால் மானிட்டர் இல்லாத வார்டில் இது தெரியாமலே போகலாம். கழுத்தில் போட்டபின், டயாலிசிஸுக்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அவசரத்தில் இது விடுபடலாம்.

தொடையில் போட்டால் தொற்று மிகும் என்ற அச்சம் பெரும்பாலும் மிகை. பிரெஞ்சுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 750 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், குழாயில் கிருமி குடியேறுவது கழுத்துக்கும் தொடைக்கும் மொத்தத்தில் ஒத்திருந்தது. உடற்பருமன் மிகுந்தோரிடம் மட்டுமே தொடையில் கூடியது. குத்திய இடத்தில் இரத்தம் திரள்வது (ஹெமட்டோமா) கழுத்தில்தான் அதிகம். ஆயினும் சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் 2012 வழிகாட்டுதல் வலக் கழுத்துச் சிரைக்கே முதலிடம் தருகிறது.

தற்போதைய நிலை: அல்ட்ராசவுண்டு பரவலாகிவிட்டது. இரு வாரத்துக்கு மேல் தேவைப்படுவோருக்குத் தோலுக்கடியில் பதிக்கும் கதீட்டர் பரிந்துரைக்கப்படுகிறது.