செயினியா: ஒரு பேரினப் பெயரின் தோற்றமும் மறைவும்

புனேக்கு அருகிலுள்ள பிம்ப்ரி என்னும் ஊரின் பெயர் 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா' என்ற மண் பாக்டீரியாவின் பெயரில் பதிந்திருக்கிறது. அதே ஊரின் ஆய்வகம் உலகுக்கு அளித்த 'செயினியா' என்ற பேரினப் பெயரோ இன்று வழக்கில் இல்லை. இந்திய நுண்ணுயிரியலின் முக்கியமான ஓர் அத்தியாயம் அப்பெயரோடு பார்வையிலிருந்து விலகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் துணையோடு பெனிசிலின் தயாரிப்பதற்காக 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. பிறர் கண்ட மருந்தை உற்பத்தி செய்வதோடு அதன் ஆய்வுப் பிரிவு நின்றுவிடவில்லை. எம். ஜே. திருமலாச்சாரும் அவர்தம் குழுவினரும் மண் மாதிரிகளிலிருந்து ஆக்டினோமைசீட்டுகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். மழை நனைத்த மண்ணின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருளை உண்டாக்குபவை இவ்வகை உயிர்களே.

திருமலாச்சார் பூஞ்சையியலாளர். பாக்டீரியா ஆய்வில் அவர் நுழைந்தது வியப்புக்குரியதன்று. 'ஆக்டினோமைசீட்' என்ற கிரேக்க வேர்ச்சொல்லுக்கே 'கதிர்ப் பூஞ்சை' என்றுதான் பொருள். இழை இழையாக வளர்ந்து வித்துகளை உண்டாக்குவதால் இவை நெடுங்காலம் பூஞ்சைகளோடு சேர்த்தே எண்ணப்பட்டன. உயிரணுவில் உட்கரு இல்லாத இவை பாக்டீரியாக்கள் என்பது தெளிவான பிறகும் பிழையான பெயர் நிலைத்துவிட்டது. பெயர்களின் வரலாற்றில் இது புதிதல்ல.

1955இல் திருமலாச்சார் ஒரு புதிய பேரினத்தை அறிவித்தார். பூஞ்சைகளில் காணப்படும் ஸ்கிளிரோஷியம் போன்ற கடினமான உருண்டைகளை அது உண்டாக்கியது. பூஞ்சைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே இந்த ஒப்புமை எளிதில் புலப்பட்டிருக்கும். பெனிசிலின் ஆய்வுக்காக 1945இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எர்ன்ஸ்ட் செயினின் நினைவாக அதற்குச் 'செயினியா' என்று பெயரிட்டார்.

அடுத்த பத்தாண்டுகளில் அந்த ஆய்வகம் மேலும் விளைச்சல் கண்டது. 1961இல் பிம்ப்ரினாவிலிருந்து பூஞ்சைக்கொல்லி மருந்தான ஹமைசின் கிடைத்தது. நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளே அப்பெயரின் முதற்பகுதி. 1964இல் ஆரியோபஞ்சின் அறிவிக்கப்பட்டது. இது பூஞ்சையின் உயிரணுச் சவ்விலுள்ள எர்கோஸ்டீராலைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. பாக்டீரியாவின் சவ்வில் எர்கோஸ்டீரால் இல்லை; ஆகவே இதை உண்டாக்கும் உயிர் தன் நஞ்சால் தான் மடிவதில்லை. 'பூஞ்சை' என்று பெயர் தாங்கிய உயிர் பூஞ்சையன்று என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று வேண்டியதில்லை.

செயினியா வேறு திசையில் பயன்பட்டது. 1980களில் புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் ஒரு செயினியா வகையிலிருந்து சைலனேஸ் நொதியைப் பிரித்து ஆராய்ந்தது. தாவர நாரிலுள்ள சைலானை வெட்டும் நொதி இது. காகிதக் கூழை வெளுப்பதற்குக் குளோரினை அளவின்றிச் செலவிடும் ஆலைகளுக்கு இத்தகைய நொதியின் அருமை தெரியும். செயினியாவின் சைலனேஸ் மூலக்கூறு அளவில் மிகச் சிறியது. நாரின் நுண்துளைக்குள் புகுவதற்கு அது ஒரு வாய்ப்பு.

ஆனால் 1986இல் செயினியாவின் சிற்றினங்கள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டன. உயிரணுச் சுவரின் வேதியியல் இரண்டிலும் ஒன்றாக இருக்க, ஸ்கிளிரோஷியம் ஒன்றை மட்டும் வைத்துத் தனிப் பேரினம் கோர இயலாது. முடிவு சரியானதே. எனினும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற சொல்லைக் கொண்டு மட்டும் நொதிகளைத் தேடும் இன்றைய மாணவர், புனேயின் அந்த ஆய்வுக் கட்டுரைகளை எளிதில் தவறவிடுவார். வகைப்பாட்டியல் திருத்தம் செய்யலாம். நூலகங்கள் பழைய பெயரையும் இணைத்துச் சொல்ல வேண்டும்.

ஆரியோபஞ்சினை அளித்த உயிர் இடம்பெற்றிருந்த ஸ்ட்ரெப்டோவெர்டிசிலியம் என்ற பேரினமும் பின்னர் ஸ்ட்ரெப்டோமைசிஸில் கரைந்தது. மருந்தின் பெயர் மட்டும் வயலில் எஞ்சியது. தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு 2 கிராம் ஆரியோபஞ்சின்-சால், 1 கிராம் மயில்துத்தம் ஆகியவற்றை 100 மில்லி நீரில் கரைத்து வேர் வழியே செலுத்துமாறு தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைகள் கூறிவந்துள்ளன.