பந்தியில் தொடங்கிய பாடம்

கல்லூரி மாணவன் எதை உண்கிறான் என்பதை அவனது நாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. பிறந்த மண்ணும், பெற்றோரின் வரும்படியும், உடன் அமரும் தோழரும், ஊரார் உயர்வென்று மதிப்பதும் ஒன்றுகூடியே அவன் தட்டை நிரப்புகின்றன. இதற்கு ஈரோடும் அதைச் சூழ்ந்த கொங்கு நாடும் நல்லதொரு சான்றாகும்.

கொங்கின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாக இருந்தது. காலிங்கராயன் வாய்க்கால் போன்றவை பாய்ந்த ஊர்கள் நீங்கலாக, கம்பும் சோளமும் ராகியுமே அன்றாட உணவாயின. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. 1955-இல் பவானிசாகர் அணை நிறைவெய்தி, கீழ்பவானிப் பாசனம் ஏறத்தாழ 2,07,000 ஏக்கருக்கு நீர் தந்தது. அதற்கு முந்திய ஆண்டான 1954-இல்தான் ஈரோட்டில் சிக்கைய நாயக்கர் கல்லூரி தோன்றியது. நெல்லும் கல்லூரியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சிற்றூர் இளைஞனின் வாழ்வில் நுழைந்தன. வெள்ளைச் சோறு படித்தவரின் உணவாகவும், களியும் கூழும் பட்டிக்காட்டு உணவாகவும் எண்ணப்படலாயின. களியை எவரும் தடை செய்யவில்லை. நாணமே அதனை விலக்கியது. அதே சிறுதானியத்துக்கு ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டையே ஒதுக்கிச் சிறப்புச் செய்தது. இன்று அது விலையுயர்ந்த பொட்டலத்தில் திரும்பி வருகிறது. தானியம் மாறவில்லை, மதிப்புத்தான் மாறியது.

எதை உண்பது என்பதினும் கூர்மையான கேள்வி, யாருடன் அமர்ந்து உண்பது என்பதாகும். அந்தக் கேள்வி தமிழக அரசியலையே அசைத்த வரலாறு நாம் மறக்கத்தக்கதன்று. நெல்லைச் சீமையின் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் ஒன்றை நடத்தினார். தமிழ்நாடு காங்கிரசு அதற்கு 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் வழங்கியது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் விருப்பத்தின் பேரில், உணவு தனியே பரிமாறப்பட்டது. ஐயர் தம்மளவில் எல்லாரோடும் உண்ணும் இயல்பினரே. ஆயினும் பொதுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் பந்தி பிரிக்கலாமா என வரதராசுலு நாயுடுவும் ஈரோட்டு ஈ.வெ. இராமசாமியாரும் கேட்டனர்.

1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரசுக் குழு, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற கருத்துடைய தீர்மானத்தை நிறைவேற்றியது. இராஜாஜி உள்ளிட்ட சிலர் பொறுப்பினின்று விலகினர். மே 2-ஆம் நாள் ஈரோட்டில் 'குடி அரசு' இதழ் பிறந்தது. ஜூன் மாதத்தில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முனைந்து உயிர் நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்படவே, பெரியார் காங்கிரசைத் துறந்தார். அம்முறிவுக்கு முன்னரே விழுந்த விரிசல், இரு சிறுவரின் சாப்பாட்டு இலைதான்! இரயில் நிலைய உணவகங்களில் இருந்த பிராமணர், பிராமணரல்லாதார் என்ற பிரிவினை 1941-இல்தான் ஒழிந்தது.

அத்துடன் கதை முடிந்ததா? 2018-இல் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடம் ஒன்றில், சைவ உணவினர்க்குத் தனி வாயில், அசைவ உணவினர்க்குத் தனி வாயில், கைகழுவும் இடமும் தனித்தனி என அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் அகற்றப்பட்டன. 2023-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவ உணவினர்க்கெனத் தனி மேசைகள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்த மாணவர்க்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இங்கே நாம் நம்மையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹலால் உணவே வேண்டும் என்று நம் பிள்ளைகள் விடுதியில் கேட்பது அவர்தம் உரிமை. ஊன் உண்ணாதவர் காய்கறி உணவு கேட்பதும் அவ்வாறே. இவை உணவைப் பற்றிய நெறிகள். 'உன் பக்கத்தில் அமர மாட்டேன்' என்பதோ மனிதனைப் பற்றிய தீர்ப்பு. முன்னதைக் காக்கும் பொருட்டுப் பின்னதை ஏற்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை நம் கடற்கரை ஊர்கள் இன்றும் பேணுகின்றன. அதன் பொருள் உணர்ந்த சமுதாயத்துக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இன்று வேறொரு பிரிவினையும் வந்துள்ளது. கைப்பேசியில் வரவழைத்த பொட்டலத்துடன் ஒவ்வொரு மாணவனும் தன் அறைக்குள் தனியே உண்கிறான். அவனை எவரும் விலக்கவில்லை, அவனே விலகிக்கொள்கிறான். இந்தியாவில் நீரிழிவு நோயாளர் 10 கோடியைக் கடந்துவிட்டனர் என 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எனவே பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பெற்றோர், 'என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்பதோடு நிறுத்திவிடலாகாது. 'யாரோடு சாப்பிட்டாய்?' என்றும் கேட்க வேண்டும். முதற்கேள்வி அவன் உடலைக் காக்கும். இரண்டாவது கேள்வி அவன் உள்ளத்தைக் காக்கும்.