வருண் சக்கரவர்த்தி ஏலம் (2018)

ஐபிஎல் வரலாற்றில் பந்துவீச்சாளருக்குக் கொட்டிய பணம் உடனே பலிக்காமல் போனதற்கு ஓர் உதாரணம். கட்டடக்கலை படித்த தமிழ்நாட்டுப் புதிர்ச் சுழல் வீச்சாளர் வருணின் அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய். 2018 டிசம்பரில் ஜெய்ப்பூர் ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. 2019 மார்ச்சில், ஈடன் கார்டனில் வீசிய முதல் ஓவரிலேயே 25 ஓட்டம்! வெளுத்தவர் கொல்கத்தாவின் சுனில் நரைன். அவரும் புதிர்ச் சுழல்காரர்தான். அன்று வருணின் கணக்கு: 3 ஓவர், 35 ஓட்டம், 1 விக்கெட். பிறகு விரல் காயம். அந்தப் பருவத்தில் வேறு ஆட்டமே இல்லை. பஞ்சாப் விடுவித்தது.

அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகை உறுதி என்பதால் இப்படி எளிதாகக் கைகழுவ முடியாது. 24.5 கோடி டாலருக்கு 7 ஆண்டு ஒப்பந்தமான பந்து எறிபவர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், அதன்பின் வீசியது 8 ஆட்டம் மட்டுமே.

விடுவிக்கப்பட்ட வருணைக் கொல்கத்தா 4 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2020இல் 17 விக்கெட். டெல்லிக்கு எதிராக 20 ஓட்டத்துக்கு 5.