கணினிகளின் மொழியும் சிறு வணிகரின் தேர்வும்

சிறு வணிக நிலையத்தின் உயிர்நாடி அதன் கணக்கேடு. கணக்கேடு கணினிக்குள் குடிபுகுந்த பின்னர், ஊழியர் பலரும் ஒருங்கே எடுத்தாளும் வண்ணம் அதனைக் காத்து வழங்கத் தனிக் கணினி ஒன்று தேவையாயிற்று. சர்வர் என்று பலரும் வழங்கும் அக்கணினியே வழங்கி. அதனை ஆளும் மென்பொருளே இயங்குதளம். கடந்த நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்சிப்பீடத்திற்கு மூன்று இயங்குதளங்கள் போட்டியிட்டன. வேகமும் விலையுமே வெற்றியை முடிவு செய்தன என்பாருளர். ஆயின், வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலனாகும். மேசைக் கணினியும் வழங்கியும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி எவர் கையில் இருந்ததோ, அவர் கையிலேயே சந்தையும் இருந்தது.

நெட்வேரின் எழுச்சி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நோவெல் நிறுவனம் 1983-ஆம் ஆண்டில் நெட்வேரை வெளியிட்டது. பெருங்கணினி வாங்க வசதியற்ற சிறு நிறுவனங்களுக்கு அது பெருந்துணையாய் அமைந்தது. கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பலருக்கும் பகிர்ந்தளிப்பதே அதன் தலையாய பணி. அப்பணியில் அதன் வேகம் பெரிது, தேவையோ சிறிது. 1991-இல் வந்த 3.11 பதிப்பு 4 மெகாபைட் நினைவகத்திலேயே இயங்கியது.

எனினும், குறைகள் இரண்டு இருந்தன. வழங்கியில் சேர்க்கப்பட்ட துணை நிரல் ஒன்று பழுதுற்றால், வழங்கி முழுவதுமே நின்றுவிடக் கூடும். அன்றியும், நெட்வேர் பேசியது ஐ.பி.எக்ஸ். என்னும் தன் சொந்த நெறிமுறை. இணையமோ டி.சி.பி./ஐ.பி. என்னும் பொதுமொழியோடு உலகெங்கும் பரவியது. அம்மொழியை நெட்வேர் தன் இயல்பு மொழியாக ஏற்றது 1998-இல் வந்த 5-ஆம் பதிப்பில்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

விண்டோஸின் எளிமை

டிஜிட்டல் நிறுவனத்திலிருந்து 1988-இல் மைக்ரோசாப்ட்டுக்கு வந்த டேவ் கட்லரின் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி., 1993 ஜூலையில் வெளிவந்தது. அதன் முதல் வழங்கிப் பதிப்புக்கு 16 மெகாபைட் நினைவகம் வேண்டியிருந்தது. ஆயினும், 1996-இல் வந்த 4.0 பதிப்பு விண்டோஸ் 95-இன் முகத்தோற்றத்தையே தாங்கி வந்தது. மேசைக் கணினியைப் பழகியவர்க்கு வழங்கியும் அந்நியமாகத் தோன்றவில்லை. 1997-இல் மின்னஞ்சல், தரவுத்தளம், தொலைநகல் அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கி, 25 பயனர் வரை கொண்ட சிறு வணிகத்திற்கென்றே தனிப் பதிப்பு ஒன்றையும் மைக்ரோசாப்ட் விற்றது. கணினி வல்லுநரைப் பணியில் அமர்த்த இயலாத கடைக்காரருக்கு இதனினும் ஏற்றது வேறு யாது?

எளிமைக்கும் ஒரு விலை உண்டு. விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி, பயனரின் கடவுச்சொல்லையும் உரிமைகளையும் ஓரிடத்தில் காத்தது. மேசைக் கணினி அதனோடு பேசிய மொழியின் இலக்கணம் முழுமையாக வெளியிடப்படவில்லை. ஆதலின், மேசையில் விண்டோஸ் வைத்தவர் வழங்கியிலும் அதனையே வைக்க நேர்ந்தது.

லினக்ஸும் சாம்பாவும்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதன் மூல நிரலும் யாவர்க்கும் திறந்திருந்தது. எனினும், விண்டோஸ் மேசைக் கணினிகளோடு பேச இயலாத வழங்கியால் அலுவலகத்திற்குப் பயன் யாது? இக்குறையைத் தீர்த்தது சாம்பா. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் இதனை எழுதினார். கணினிகளிடையே செல்லும் தரவுகளை உற்றுநோக்கி, அவற்றின் மொழியை அவர் கற்றறிந்தார். பெற்றோர் பேசக் கேட்டுக் கேட்டே குழந்தை மொழி பயில்வது போன்றது இது.

கேட்டுக் கற்றது போதாத இடத்தில் சட்டம் துணை நின்றது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998-இல் அளித்த முறையீட்டைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஆணையம் 2004-இல் மைக்ரோசாப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்தது. வழங்கிகள் பேசும் நெறிமுறைகளைப் போட்டியாளர்க்கு வெளியிடவும் ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் சாம்பா குழுவினர் நெறிமுறை ஆவணங்களைப் பெற வழி பிறந்தது. 2012-இல் வந்த சாம்பா 4.0, ஆக்டிவ் டைரக்டரியின் பணியையே ஏற்று நடத்தும் ஆற்றல் பெற்றது.

வரலாறு உணர்த்துவது

நெட்வேருக்கான பொது ஆதரவு 2010-இல் நின்றது. மைக்ரோசாப்டின் சிறு வணிகத் தொகுப்பும் 2011 எனப் பெயரிட்ட பதிப்போடு முடிவுற்றது. இன்று வணிகர் பலர் சொந்த வழங்கியைக் கைவிட்டு, இணையவழி வாடகைச் சேவைகளை நாடுகின்றனர். இயங்குதளங்கள் தோன்றும், மறையும். கணக்கேடு நிலைத்திருத்தல் வேண்டும். ஆகவே, கருவியின் வேகத்தையும் விலையையும் ஆராய்வதற்கு முன், தன் கணக்கேட்டை வேறிடத்திற்கு எடுத்துச் செல்லும் உரிமை தன்னிடம் உள்ளதா என்று வணிகர் ஆராய்தல் நன்று. ஒருவர் மட்டுமே இலக்கணம் அறிந்த மொழியில் எழுதப்பட்ட கணக்கு, எழுதியவருக்கே முழு உடைமை ஆகாது.