சமையல்காரருக்காகக் கட்டிய வண்டி

ஒரு வண்டிக்குக் கூடு கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்தப் பாதையில் ஓடும்? இருட்டி நிறுத்தியதும் கை முதலில் எதைத் தேடும்? லாரிக்குப் பாடி கட்டும் எனக்கு இதில் முன்னோடி, டெக்சாஸ் மாட்டுக்காரர் சார்லஸ் குட்நைட். 1866ல், முப்பது வயதில், அவர் உருவாக்கிய ‘சக்வேகன்’ என்ற சமையல் வண்டியை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முந்தைய வருடம்தான் முடிந்திருந்தது. டெக்சாஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன, வாங்க ஆளில்லை. நியூ மெக்சிகோவில் சம்னர் கோட்டையருகே அரசு அடைத்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான நவாஹோ பழங்குடி மக்களுக்கு இறைச்சி தேவைப்பட்டது. குட்நைட்டும் ஆலிவர் லவிங்கும் பதினெட்டு ஆட்களோடு சுமார் 2000 மாடுகளை ஓட்டிப் போனார்கள். பீகோஸ் ஆற்றை எட்டும்வரை ஏறக்குறைய 80 மைலுக்குத் தண்ணீர் கிடையாது. சாலை என்ற பேச்சே இல்லை.

ராணுவம் கழித்த வண்டி ஒன்றை வாங்கி குட்நைட் அடியிலிருந்து மாற்றினார். மர அச்சை எடுத்துவிட்டு இரும்பு அச்சு போட்டார். மற்ற பாகங்களுக்குப் பதப்பட்ட போடார்க் மரம். அமெரிக்கப் பழங்குடிகள் வில் செய்த மரம் அது. காய்ந்தாலும் அதிகம் சுருங்காது. மாட்டுவண்டி செய்த என் தாத்தா இதன் அருமையை உடனே சொல்லியிருப்பார்: கோடையில் வட்டை சுருங்கினால் இரும்புப் பட்டா கழலும், ஆரக்கால் ஆடும், நடுக்காட்டில் வண்டி உட்கார்ந்துவிடும்.

அவருடைய பெரிய யோசனை வண்டியின் பின்புறத்தில் இருந்தது. அறை அறையாகத் தடுத்த ஒரு பெட்டி, அஞ்சறைப் பெட்டியைப் பெரிதாக்கி நிறுத்தியதுபோல. காப்பி, உப்பு, மாவு, மருந்து, ஊசி நூல், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். கீல் வைத்த மூடியைக் கீழே இறக்கி ஒரு கால் கொடுத்தால் அதுவே மேசை. சமையல்காரர் வண்டிமேல் ஏற வேண்டாம், ஒரு மூட்டையையும் இறக்க வேண்டாம். தரையில் நின்றபடி, பக்கத்தில் நெருப்பை வைத்துக்கொண்டு வேலையை முடிக்கலாம். மாவு மூட்டையும் படுக்கைச் சுருளும் வண்டியின் நடுவில், தண்ணீர்ப் பீப்பாய் பக்கவாட்டில். மரமே இல்லாத சமவெளியில் வழியில் அகப்படும் சுள்ளியும் வறட்டியும் போட்டு வைக்க, வண்டிக்கடியில் ஒரு மாட்டுத்தோலைத் தொட்டிலாகக் கட்டினார்கள். மேலே வளைகம்பும் கித்தானும். இரவில் வண்டியின் ஏர்க்காலை துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பார்கள். விடிந்ததும் திசை கேட்க வேண்டியதில்லை.

முள்வேலியும் ரயிலும் பரவியபின் நெடுந்தூர மாட்டோட்டம் முடிந்துபோனது. அந்த அமைப்பு மட்டும் நிலைத்தது. 1930களில் அமெரிக்காவில் பரவிய கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்களிலும் பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. கரடுமுரடான பாதைக்கென்று இன்று கட்டும் மூடிய டிரெய்லர்கள் பலவற்றிலும் அடுப்படி அங்கேதான். 2005ல் டெக்சாஸ் மாநிலம் சக்வேகனைத் தன் அதிகாரபூர்வ வாகனமாக அறிவித்தது.

என் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பையன்கள் தகட்டின் கனத்தையும் பெயிண்டின் நிறத்தையும்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் குட்நைட்டின் வண்டியைப் படம் போட்டுக் காட்டுகிறேன். பகல் முழுக்கக் குலுங்கி வந்து பசியோடு இறங்குபவரின் கைக்கு எட்டுகிற இடத்தை முதலில் குறியுங்கள். அளவு நாடாவை அங்கிருந்து பிடியுங்கள்.