சுண்ணாம்புத் தொட்டியும் ஸ்டூடியோ விளக்கும்

வேலூரில் பிறந்த நடராஜ முதலியாரைச் சென்ற வாரம் பாதிக் கதையில் விட்டுவிட்டு வந்தோம். சைக்கிளும் மோட்டார் காரும் விற்றுக்கொண்டிருந்தவர், ஒரு வெள்ளைக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, புரசைவாக்கத்தில் ஸ்டூடியோ போட்டு 'கீசக வதம்' எடுத்தார். அடுத்து 'திரௌபதி வஸ்திராபஹரணம்'. திரௌபதியாக நடிக்க நம் பெண் யாரும் முன்வராததால் மரியான் ஹில் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. குடும்பத்துப் பெண் கேமரா முன்னால் நிற்பது மானக்கேடு என்றிருந்த காலம் அது.

அதற்கப்புறம் இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஒரு பிராமணக் குடும்பமே தன் ஆறு வயதுப் பெண்ணைக் கேமரா முன்னால் நிறுத்தியது. 1937-ல் வந்த 'பாலயோகினி'யின் பேபி சரோஜாதான் அந்தக் குழந்தை. படத்தை எடுத்தவர், வக்கீல் தொழிலை விட்டுவிட்டுச் சினிமாவுக்கு வந்த கே. சுப்ரமணியம், சரோஜாவுக்குப் பெரியப்பா முறை உறவினர். விதவைகளை வீட்டின் மூலையில் ஒடுக்கி வைப்பதையும் சாதித் திமிரையும் ஒரு குழந்தையின் வாயால் கேள்வி கேட்டது படம். விதவை வேடத்துக்கு நிஜமான பிராமண விதவை ஒருவரையே சுப்ரமணியம் நடிக்கவைத்தார். தஞ்சாவூர் வைதிகர்கள் கூடி அவரைச் சாதியை விட்டே தள்ளிவைத்தார்கள். பெரியவர்கள் பேசியிருந்தால் கல்லெறி விழுந்திருக்கும் வசனங்களைக் குழந்தை பேசியதால் ஜனங்கள் கைதட்டிக் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்திரிகைகள் சரோஜாவை, ஹாலிவுட் குழந்தை நட்சத்திரத்தின் பெயரால், 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்றன. ஊருக்கு ஊர் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் விழுந்தது. 1939-ல் 'தியாகபூமி'. கல்கி ஆனந்த விகடனில் தொடராக எழுத, படத்தின் ஸ்டில்களே கதைக்குச் சித்திரங்களாக வந்தன. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரி, எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரி, அவள் பெற்ற பெண் சாரு நம் சரோஜா. பின்னால் வெள்ளைக்கார அரசு அந்தப் படத்தைத் தடை செய்ததையும், சென்னை கெயிட்டி தியேட்டரில் நடந்த தடியடியையும் சொல்லத் தனி வாரம் வேண்டும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் பிடித்துக்கொண்டு டேனரிகள் நின்ற வட ஆற்காடு ஜில்லா. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பதப்படுத்துகிற வேலை. தொட்டியில் இறங்கியவன் கையும் காலும் வெந்து புண்ணாகும். பொழுது சாய்ந்ததும் அந்த வாடையோடேயே டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்குப் போய், மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் நம் பாட்டன்கள்.

'தியாகபூமி' வருவதற்கு முந்தைய வருஷம், 1938-ல், குழந்தைகளை வேலைக்கு வைப்பது பற்றி ஒரு சட்டம் வந்தது. பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையைச் சில பட்டறைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது. பட்டியலில் பீடி சுற்றுதல் உண்டு, தீப்பெட்டி உண்டு, தோல் பதனிடுதலும் உண்டு. குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் பார்த்து எழுதினதுபோல இருக்கும். ஆனால் ஸ்டூடியோ அதில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை போலும்! இன்னொரு விஷயமும் கவனியுங்கள்: கூலியாள் வைக்காமல் குடும்பத்தாரை மட்டும் கொண்டு நடத்தும் பட்டறைக்குச் சட்டம் விலக்குக் கொடுத்தது. சொந்தப் பிள்ளைதானே என்ற அதே நியாயம்தான். பெரியப்பா படத்தில் நடித்த சரோஜாவுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சொந்தப் பிள்ளை என்ற நியாயம் ஹாலிவுட்டில் என்ன செய்தது? 1920-களில் பேபி பெக்கி என்றொரு குழந்தை. இரண்டு வயது நிறையுமுன்பே நடிக்கக் கொண்டுவந்தார்கள். நூறுக்கும் மேற்பட்ட குறும்படங்கள்; லட்சக்கணக்கில் டாலர்கள். அத்தனையும் பெரியவர்கள் கையில் கரைந்தது. பள்ளிக்கூடமும் ஒழுங்காகக் கிடையாது. சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் பெரியவனானதும், தன் சம்பாத்தியம் எங்கே என்று 1938-ல் அம்மா மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டார். கையில் வந்தது 1,26,000 டாலர். அந்த வழக்கின் புண்ணியத்தில் 1939-ல் கலிபோர்னியா சட்டம் இயற்றி, குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வழி செய்தது. நம்மூரில் 'தியாகபூமி' ஓடிய அதே வருஷம்.

அசல் ஷெர்லி டெம்பிளின் கதையும் லேசானதல்ல. முதலில் அவர் நடித்த குட்டிப் படங்களின் செட்டில், அடம்பிடிக்கும் குழந்தையை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் ஐஸ் கட்டியோடு அடைத்துவைப்பார்களாம். அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வயதில் ஒரு வருஷத்தையும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். தனக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று நிறைந்தது என்று பிறந்தநாளன்றுதான் அவருக்கே தெரிந்தது.

சரோஜா பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 1941-ல் 'காமதேனு', அதோடு குழந்தை நட்சத்திரத்தின் கணக்கு முடிந்தது. பத்து வயது. மூன்றே படங்கள்.

நம் நாட்டில் சட்டத்தின் கண் ஸ்டூடியோவுக்குள் ஒழுங்காகப் போக 2017 ஆக வேண்டியிருந்தது. குழந்தை நடிகரை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது பிள்ளை பெயரில் வங்கி டெபாசிட்டாக வேண்டும் என்று அந்த வருஷத்து விதிகள் சொல்கின்றன. கலிபோர்னியாவின் அந்தக் கூகன் சட்டத்துக்கும் இதற்கும் நடுவே 78 வருஷம்.

2019 அக்டோபரில் பேபி சரோஜா 88 வயதில் காலமானார். நாலு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், 101 வயதில் பேபி பெக்கியும் போனார். வளர்ந்த பின் அவர் டயானா செர்ரா கேரி என்ற பெயரில் எழுத்தாளராகி, தன்னைப்போன்ற பிள்ளைகளின் கதையைப் புத்தகமாக எழுதியவர்.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய சரோஜாப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா டேனரியில் தொட்டி வேலை பார்த்தவர். யார் வச்ச பேரு பாட்டி என்று கேட்டேன். "எங்கப்பா கொட்டாயில படம் பாத்துட்டு வந்து வச்சது. என்னா படம்னு அவருக்கே ஞாபகமில்ல. அந்தப் பொண்ணு பேரு மட்டுந்தான் ஞாபகம் இருந்துச்சாம்" என்றார்.