சேவையும் பிடியும்: கட்டாயப் படைச்சேர்ப்பைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் வரலாறு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த மலையூர் வட்டவடை. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கோவிலூர், கொட்டாக்கம்பூர் முதலிய ஊர்களிலும் தமிழே வீட்டுமொழியாக வழங்கிவருகிறது. இம்மலைப்பகுதியின் வேளாண் குடிகளிடையே, தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து போர்க்கால இடர்களுக்கு அஞ்சி மேலேறியவர்கள் என்னும் வாய்மொழி மரபு உண்டு. இவ்வூருக்கு அண்மையில் டாப் ஸ்டேஷன், வண்டரவு, பேரிஜம் வழியாக மூணாற்றையும் கொடைக்கானலையும் இணைத்த பழைய சாலைக்கு 'எஸ்கேப் ரோடு' என்றே பெயர். இரண்டாம் உலகப்போரில் சப்பானியர் சென்னைக் கரையில் இறங்கினால் மலைவழியே கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்கென அச்சாலை சீர்செய்யப்பட்டது. ஊரின் தோற்றக்கதையும் பக்கத்துச் சாலையின் பெயரும் ஒருசேரப் போரிலிருந்து விலகுவதையே சொல்லுகின்றன.

ஆயினும் கட்டாயப் படைச்சேர்ப்பு என்பது இம்மலைக்குடிகளின் பட்டறிவில் வந்ததில்லை. 1917ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டமும், 1940ஆம் ஆண்டின் தேசிய சேவைச் சட்டமும் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியப் பிரித்தானியக் குடிமக்களையே கட்டாயப்படுத்தின. தேயிலைத் தோட்டத் துரைமார் எவ்வினத்தவரோ அவ்வினத்தவரையே அச்சட்டங்கள் குறித்தன. தோட்டத் தொழிலாளரையும் மலையுழவரையும் அவை தொடவில்லை. இந்தியரைக் கொண்ட படை, சட்டத்தின் பார்வையில், விருப்பப் படையாகவே இருந்தது. முதல் உலகப்போரின் பிற்பகுதியில் பஞ்சாபில் ஊருக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு ஆள் திரட்டிய முறையை விருப்பம் என்று சொல்ல இயலுமா என்பது வேறு வினா.

ஆகவே வட்டவடையின் தமிழில் இப்பொருளுக்கு அவ்வூர்க்கே உரிய சொல் அமையாமை வியப்பன்று. செய்தித்தாளின் சொல்லே அங்கும் சொல். ஆனால் இரு மொழிச் செய்தித்தாள்கள் எட்டும் எல்லையூர் ஆதலால் இரு சொற்கள் எதிர்ப்படுகின்றன. தமிழ் 'கட்டாய இராணுவ சேவை' என்று எழுதுகிறது. மலையாளம் 'நிர்பந்தித சைனிக சேவனம்' என்று எழுதுகிறது. அகராதியில் இரண்டும் ஒன்று. வழக்கில் ஒன்றல்ல. தமிழ்ப் பேச்சில் 'கட்டாயம்' என்பது வற்புறுத்தலை மட்டும் குறிப்பதன்று. 'கட்டாயம் வந்துவிடுங்கள்' என்று திருமணத்துக்கு அழைப்பதும் அச்சொல்லால்தான். உறுதி, உரிமை, அன்பு ஆகியவற்றின் சாயல் அதில் கலந்துள்ளது. 'நிர்ப்பந்தம்' என்னும் வடசொல்லோ தமிழிலும் மலையாளத்திலும் நெருக்குதலின் பொருளைவிட்டு அகலுவதில்லை. எல்லைக்கு அப்பால் கடுமையாக ஒலிக்கும் ஒரு சட்டம் எல்லைக்கு இப்பால் சற்றுத் தணிந்து ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் இதனைக் கருதிப் பார்ப்பதில்லை.

பழந்தமிழ் இதற்கு எவ்வளவு உதவும்? படைவகைகளைக் கூறும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறு வகுக்கிறார். குடிவழியும் கூலியும் இடமும் நட்பும் பகையும் அப்பகுப்புக்கு அடிப்படையாயின. விருப்பமும் விருப்பமின்மையும் அடிப்படையாகவில்லை. புறத்துறைகளில் 'மூதின் முல்லை' மறக்குடி மகளிரின் துறை. புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், எஞ்சிய ஒரே மகனையும் களத்துக்கு விடுப்பவள். இருபதாம் நூற்றாண்டில் போருக்கு ஆள் திரட்ட விரும்பிய தமிழ் மேடைகள் யாவும் இத்தாயை நாடின. மகனை ஒளித்துவைத்த தாய்க்கு இலக்கணம் துறை வகுக்கவில்லை. அத்தகையவள் பழங்காலத்தில் இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. அவளைப் பாடுவது மரபன்று என்பதே பொருள்.

கட்டாயத்தின் சொற்களைப் படைத்துறையில் தேடுவதைவிட உழைப்புத்துறையில் தேடுவது பயனுடையது. கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' கூலியின்றிச் செய்யவேண்டிய பணி; வடமொழி 'விஷ்டி'யோடு இதனைத் தொடர்புபடுத்துவர். 'அமஞ்சி' அதன் இன்னொரு பெயர். திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் செய்ய நேர்ந்த கட்டாயப் பணிக்கு 'ஊழியம்' என்று பெயர். இம்மூன்றின் பிற்காலப் போக்கு நோக்கத்தக்கது. வெட்டி இன்று 'பயனற்றது' என்னும் பொருளில் நிற்கிறது. அமஞ்சி பெரும்பாலும் மறைந்தது. ஊழியமோ உயர்ந்தது: அரசு ஊழியர், திருச்சபை ஊழியம் என மதிப்புக்குரிய வழக்குகளில் அமர்ந்து, தன் பழைய தழும்பு தெரியாதபடி வாழ்கிறது. கட்டாயத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் தொண்டைக் குறிக்கும் சொல்லாதல் இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் அரிது.

அரசுகள் அவ்வாறு காலத்துக்குக் காத்திருப்பதில்லை. தொடக்கத்திலேயே தொண்டின் சொல்லைத் தேர்ந்துகொள்கின்றன. சிங்கப்பூரில் 1954இல் காலனிய அரசு தேசிய சேவைக்குப் பதிவுசெய்ய ஆணையிட்டபோது ஏறத்தாழ 24,000 இளைஞர் பதிவுக்குரியோராயினர். மே 13 அன்று சீன மாணவர் காவலரோடு மோதினர். 1967 மார்ச்சில் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் அதே பெயரில், அதே கட்டாயத்தைச் சட்டமாக்கியது. முதற்கட்டத்தில் சுமார் 9,000 பேர் பதிவுசெய்தனர். சமூக நிலையங்களில் அவர்களுக்கு விருந்தும் வழியனுப்பு விழாவும் நடந்தன. ஆட்சிமொழிகளுள் ஒன்றாகிய தமிழில் 'தேசிய சேவை', 'தேசிய சேவையாளர்' என்னும் சொற்கள் நிலைபெற்றன. 'சேவையாளர்' என்னும் ஆக்கத்தில் படையும் இல்லை, கட்டாயமும் இல்லை. வீட்டுப்பேச்சு இச்சொல்லை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை; 'என்.எஸ்.' என்னும் எழுத்துகளில் ஒதுங்கிக்கொண்டது. உணர்வை வெளிப்படுத்தாமைக்கும் சுருக்கக்குறியீடு ஒரு வழி.

இந்திய அரசியலமைப்பின் நிலை இன்னும் நுண்ணியது. 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. அதன் இரண்டாம் கூறு பொதுக் காரியங்களுக்காக அரசு கட்டாயச் சேவையை விதிக்க இடந்தருகிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 51-அ உறுப்பு, அழைக்கப்படும்போது தேசிய சேவை புரிதலைக் குடிமகனின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்குகிறது. தடையும் இசைவும் ஒரே உறுப்பில் இருப்பதால், 'கட்டாய உழைப்பு', 'கட்டாயச் சேவை' என்று இரண்டிடத்தும் ஒரே அடையைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் உழைப்பு, சேவை என்னும் இரு பெயர்களே முழு வேறுபாட்டையும் தாங்கவேண்டியதாகிறது.

இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை வந்ததில்லை எனினும் அதன் நிழல் ஒருமுறை விழுந்தது. 1962 சீனப் போரை அடுத்து, 1963இல் கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அது மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. அவ்வாண்டு சனவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானம், அப்படையில் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்றும், நடுவண் அரசு இசையாவிடில் தமிழகத்தில் அப்படைப் பிரிவுகளைக் கலைத்துவிட வேண்டும் என்றும் கூறியது. அத்தீர்மானம் பயிற்சியை எதிர்க்கவில்லை. கட்டளையின் மொழியையே எதிர்த்தது. வட்டவடையும் தேவிகுளமும் 1956 முதல் கேரளத்தில் இருந்தமையால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தீர்மானம் அண்டை மாநிலத்துச் செய்தியாகவே வாய்த்தது. 2022 சூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வட இந்தியாவில் எழுந்த சினமோ முற்றிலும் வேறு வகையினது. நான்காண்டு முடிவில் நான்கில் ஒரு பங்கினரே நிலைபெறுவர் என்னும் விதி கண்டு, பிள்ளை படைக்குப் போய்விடுவானே என்று அல்ல, திரும்பி அனுப்பப்படுவானே என்று அங்குக் குடும்பங்கள் கலங்கின.

இனி, குடும்பத்தின் சொல்லுக்கு வருதல் வேண்டும். அதன் வேர் மூணாறு உள்ளிட்ட தோட்டங்களில் உள்ளது. மூணாறு, இலங்கை, மலாயா ஆகிய மூன்றிடத்தும் தொழிலாளரைத் திரட்டியவர் கங்காணியே. அவர் செய்த வேலைக்கு 'ஆள் பிடித்தல்' என்று பெயர். 'பிடி' என்னும் வினை இங்கு முன்பணத்தையும் ஆசைமொழியையும் வாக்குறுதியையும் உள்ளடக்கியது. வன்முறை அதன் இன்றியமையாக் கூறன்று. 1942–43இல் மலாயாவில் அது தன் பழைய கடுமைக்குத் திரும்பியது. சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு ஆள் தேவைப்பட்டபோது, முதலில் கூலி தருவதாக அறிவித்தனர். ஆட்கள் போதாமற் போகவே தோட்டங்களில் வலைத்துப் பிடித்து லாரிகளில் ஏற்றினர். சென்ற தமிழர் பல்லாயிரவர், திரும்பாதோரும் பல்லாயிரவர். 'சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்னும் தொடர் மலேசியத் தமிழரின் நினைவுமொழியில் இன்றும் உண்டு. அந்நாட்டில் 2004இல் தொடங்கி, 2018இல் கைவிடப்பட்டு, 2025 சனவரியில் 45 நாள் பயிற்சியாக மீண்டுவந்த தேசிய சேவைப் பயிற்சிக்குத் தமிழ் ஏடுகள் 'சேவை' என்னும் சொல்லையே ஆளுகின்றன. முற்பட்ட திட்டத்தில் முகாம்களில் நேர்ந்த இறப்புகள் பெற்றோரை அச்சுறுத்தியபோதும் ஏட்டுச்சொல் மாறவில்லை.

'பிடி' தன் கொடுமையின் உச்சத்தை எய்தியது ஈழத்தில். குழந்தைகளை அச்சுறுத்தச் சொல்லப்பட்ட 'பிள்ளைபிடிகாரன்' கதைமாந்தனே. 1989இல் வடக்கிலும் கிழக்கிலும் இந்தியப் படையின் துணையோடு தமிழ் தேசிய இராணுவத்துக்கு இளைஞர் வலிந்து கொண்டுசெல்லப்பட்டபோது அம்மாந்தன் தெருவுக்கு வந்தான். பின்னர் விடுதலைப் புலிகளின் ஆட்சேர்ப்புக்கும், 2006ஐ ஒட்டிக் கிழக்கில் கருணா குழுவினர் செய்த கடத்தலுக்கும் அதே சொல் பொருந்திற்று. வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்கப்பட்டது. போரின் இறுதிக் காலத்தில் அவ்வரம்பும் கடக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவைச் செயலாளர் நாயகம் அமைத்த வல்லுநர் குழுவின் 2011 அறிக்கை இதனைப் பதிவுசெய்கிறது. மணமானவரை விட்டுவைப்பர் என்னும் நம்பிக்கையில் பதின்பருவப் பிள்ளைகளுக்கு அவசரமாக மணம் முடித்தனர். பலர் பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் மறைத்தனர். துறை வகுக்கப்படாத தாய் இங்கு ஊர்தோறும் காணப்பட்டாள். விரும்பிச் சென்றவரும் அவர்களை விடுத்த பெற்றோரும் அதே ஊர்களில் இருந்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

இவ்விரு நிலைகளையும் ஈழத்தமிழ் வினைமுற்றிலேயே பிரித்துக்காட்டுகிறது. 'இயக்கத்துக்குப் போட்டான்' என்பதில் மகனே எழுவாய். 'பிடிச்சுக்கொண்டு போட்டினம்' என்பதில் மகன் செயப்படுபொருள். கொண்டுபோனவர் சற்று நடுநிலையான விகுதியில் குறிக்கப்படுகின்றனர். 'பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்' என்னும்போது விகுதியே வெறுப்பைச் சொல்லிவிடுகிறது. இடர் என்னவெனில், பிடிக்கப்பட்டவனைப் பற்றியும் தாய் பல வேளைகளில் முதல் தொடரையே சொல்லுவாள். அச்சத்தாலோ, இழப்பைத் தாங்கும் வழியாகவோ, கேட்போர் யாவர் என்று அறியாமையாலோ அவ்வாறு சொல்லுதல் இயல்பு. கனடாவின் 2001ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு குறிப்பிட்ட அமைப்புகளின் உறுப்பினராயிருந்தோரை நாட்டில் ஏற்கத் தகாதவராக்குகிறது. அத்தகைய விசாரணையில் 'போட்டான்' என்பதைச் 'சேர்ந்தான்' என்று பெயர்ப்பதற்கும் 'போய்விட்டான்' என்று பெயர்த்து நிறுத்துவதற்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்விடம் தங்கியிருத்தல் கூடும். இரண்டாவதே சொல்லப்பட்டது, முதலாவது மொழிபெயர்ப்பாளரின் ஊகம்.

இக்குடும்பங்களுள் பல செருமனி, நார்வே, டென்மார்க்கு ஆகிய நாடுகளில் குடியமர்ந்து குடியுரிமையும் பெற்றுவிட்டன. நார்வே 2015 முதல் பெண்களையும் கட்டாயச் சேவைக்கு உட்படுத்துகிறது. டென்மார்க்கு 2025இல் அவ்வாறே விரிவாக்கியது. 2011இல் கட்டாயச் சேவையை நிறுத்திவைத்த செருமனி, 2008இலும் அதன்பின்னும் பிறந்த ஆண்கள் வினாப்படிவம் ஒன்றை நிரப்பித் தருதலை 2026 சனவரி முதல் கடமையாக்கியுள்ளது. சேவை இன்னும் விருப்பத்தின்பாற்பட்டதே. பிள்ளைபிடிக்கு அஞ்சிப் புறப்பட்ட ஒரு வீட்டுக்கு இப்படிவம் வரும்போது அதனைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்பது கலைச்சொல்லாக்கக் குழுவுக்கு மட்டும் உரிய வினா அன்று. செருமானியச் சொல்லின் இரண்டாம் உறுப்புக்கு நேரானது 'கடமை'. 'படைக்கடமை' என்பது செறிவான ஆக்கம். 'கட்டாயம்' தரும் தணிந்த ஒலியும் 'சேவை' தரும் மறைப்பும் அதில் இல்லை. ஆனால் கடமை என்னும் சொல் அறநூல்களின் வழியே இன்றைய பொருளைப் பெறுமுன், இடைக்காலக் கல்வெட்டுகளில் நிலத்துக்குச் செலுத்தவேண்டிய வரியின் பெயராக இருந்தது.